ஏரி இருந்தால் ஊர் இருந்தது: ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக் குளங்களும் இடிபாடுகளும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பழைய ஊர் ஒன்றின் தடயத்தைத் தேடுகிறவர் முதலில் தேட வேண்டியது கோயில் கோபுரத்தை அல்ல, ஏரிக்கரையை. வற்றாத ஆறு என்று சொல்லிக்கொள்ள இந்த வட்டாரத்தில் எதுவும் இல்லை. கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் தோன்றி ஓசூர் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வரும் தென்பெண்ணையும் மழையை நம்பிய ஆறுதான். மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்கு 850 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. பெய்ததைத் தேக்கி வைத்த இடத்தில்தான் ஊர் நிலைத்தது. ஊர் நிலைத்த இடத்தில் கோயில் எழுந்தது, ஊரைக் காத்துச் செத்தவனுக்குக் கல் நட்டார்கள், வரி வசூலிக்க வந்தவன் பக்கத்து மலையில் கோட்டை கட்டினான். குளம் பார்க்கப் போவதும் இடிபாடு பார்க்கப் போவதும் இங்கே ஒரே பயணமாக முடிவது இதனால்தான்.

நிலம் இரண்டு படிகளாக அமைந்திருக்கிறது. மேல்படியான ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதி மைசூர் பீடபூமியின் தொடர்ச்சி. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. ராயக்கோட்டை, சூளகிரிப் பக்கம் இறங்கினால் கீழ்படி வருகிறது. கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டினம் அங்கே உள்ளன. ஆங்கிலேயர் காலத்து ஆவணங்கள் மேல்படியைப் பாலாகாட் என்றும், கீழ்படியைப் பாராமகால் என்றும் பிரித்தே எழுதின. இரண்டும் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு ஒரே நாளில் வரவுமில்லை. பாராமகால் 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் வந்தது. ஓசூர்ப் பக்கம் 1799இல் மைசூரின் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு வந்து சேர்ந்தது. பின்னர் சேலம் மாவட்டம், 1965 முதல் தர்மபுரி மாவட்டம், 2004 பிப்ரவரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் என்று ஆட்சிப் பெயர்கள் மாறிக்கொண்டே வந்தன. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேச்சிலும் கல்வெட்டிலும் கலந்து கிடப்பதற்கு இந்த எல்லைநிலை காரணம்.

ஏரியைப் பார்க்கத் தெரிந்துகொண்டால் பாதி வரலாறு கரையிலேயே கிடைத்துவிடும். தாழ்வை நோக்கி ஓடும் நீரை மண்கரை போட்டு மறிப்பதுதான் அடிப்படை வேலை. கரையின் உள்பக்கம் அலை அரிக்காமலிருக்கக் கல் பாவியிருப்பார்கள். நீரை வயலுக்கு விட மதகு, பழைய ஏரிகளில் கல்தூண்கள் நட்ட தூம்பு. நிரம்பி மிஞ்சிய நீர் வெளியேற, கரையின் ஓரத்தில் கோடி. ‘ஏரி கோடி போச்சு’ என்ற சொல் இன்றும் இங்கே நல்ல ஆண்டின் அடையாளம். ஒரு ஏரியின் கோடி நீர் அடுத்த ஊர் ஏரிக்கு வரத்து நீர். இப்படி மேலிருந்து கீழாகக் கோத்த ஏரிகளின் வரிசையில் ஒன்று அறுந்தால் கீழே உள்ளவை தாமாகவே வற்றும்.

கரையில் நடக்கும்போது கவனிக்க வேண்டியவை மதகும் கோடியும் மட்டுமல்ல. தூம்புக் கல்லில் எழுத்து இருக்கலாம். கோடிக்கருகே ஒரு வேப்ப மரமும், அதனடியில் எண்ணெய் பூசிக் கறுத்த பலகைக் கல் ஒன்றும் இருக்கலாம். ஊரார் அதற்குச் சாமி பெயர் வைத்திருப்பார்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் பெரும்பாலும் வேடியப்பன். பொங்கலும் கோழியும் பெறும் அந்தச் சாமி, கூர்ந்து பார்த்தால், வில்லும் வாளும் ஏந்தி நிற்கும் ஒரு வீரன். ஆயிரம் ஆண்டுக்கு முன் மாடுகளை மீட்கும் சண்டையிலோ, எல்லைச் சண்டையிலோ, புலியோடு பொருதோ இறந்தவனுக்கு நட்ட நடுகல் அது.

நடுகற்கள்தான் இந்த மாவட்டத்தின் பெரிய செல்வம். பழையவற்றில் வட்டெழுத்து இருக்கும்; எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யார், எந்த ஊருக்காகப் பட்டான் என்ற செய்தி சில வரிகளில் அடங்கிவிடும். பிற்காலத்தவற்றில் தமிழோ கன்னடமோ தெலுங்கோ இருக்கலாம், எழுத்தே இல்லாமலும் இருக்கலாம். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கற்களில் பெரும்பாலும் ஒற்றை வீரன் நிற்பான். ஓசூர்ப் பக்கம் போகப்போக, கன்னட நாட்டு முறையில் கல்லை மூன்று அடுக்காகப் பிரித்திருப்பதைக் காணலாம். கீழடுக்கில் போர், நடுவில் தேவமகளிர் வீரனைத் தூக்கிச் செல்லும் காட்சி, மேலே லிங்கத்தின் முன் அவன் அமர்ந்திருக்கும் கயிலாயம். பக்கத்திலேயே முழங்கை மடங்கி உயர்ந்த, வளையல் அணிந்த ஒரு கை மட்டும் செதுக்கிய கல் நின்றால் அது சதிக்கல். கணவனோடு எரிந்தவளுக்கு நட்டது. தன் கழுத்தில் தானே வாள் வைத்திருக்கும் உருவம் நவகண்டம்.

இந்தக் கற்களைக் காப்பாற்றி வந்தவை வழிபாடும் ஏரிவேலையும்தான். கரைக்கு மண் போட ஆள் வந்துகொண்டிருந்த வரையில் கரைமேல் நின்ற கல்லையும் யாராவது நிமிர்த்தி வைத்தார்கள். வயலைக் கூறுபோட்டு விற்று, ஏரி யாருக்கும் தேவையில்லாமல் போன ஊர்களில் நடுகல் கவிழ்ந்து கிடக்கிறது, அல்லது துணி துவைக்கும் கல்லாகிவிடுகிறது.

நடுகற்களைவிடப் பழையவை பாறைமேல் இருக்கின்றன. சூளகிரிப் பக்கம் மல்லச்சந்திரத்தில் ஒரு பாறைக்குன்றின் மேல் கல்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. நான்கு பக்கமும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே பெரிய மூடுகல் வைத்த ஈமச் சின்னங்கள் இவை. ஒரு பக்கப் பலகையில் வட்டமாக இடுதுளை போட்டிருப்பார்கள். சில திட்டைகளைச் சுற்றி, தலைப்பகுதியை அரைவட்டமாக வெட்டிய பலகைகளை வேலிபோல நிறுத்தியிருக்கிறார்கள். இரும்புக்கால மக்கள் இவ்வளவு அழகாகக் கல்லை வளைத்து வெட்டியது ஏன் என்ற கேள்வி பார்ப்பவரை விடாது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் இத்தகைய கல்வீடுகளைப் பாண்டவர் வீடு என்றோ குள்ளர்கள் குடியிருந்த வீடு என்றோ சொல்வார்கள். இவை குடியிருக்கக் கட்டியவை அல்ல, இறந்தோருக்காகக் கட்டியவை.

பர்கூர் வட்டாரத்தில் தொகரப்பள்ளி அருகே உள்ள மயிலாடும்பாறைக்கு 2022 மே மாதம் திடீரென்று புகழ் வந்தது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2021இல் அங்கே அகழ்ந்தபோது கிடைத்த மாதிரிகளை ஆய்வு செய்ததில், இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 வரை பின்னோக்கிப் போவதாகத் தெரிந்தது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இதைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். பிறகு 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை இன்னும் பழைய காலக்கணிப்புடன் முன்னே வந்துவிட்டது. ஆனாலும் தமிழ்நாட்டு இரும்பின் வயதைப் பற்றிய பேச்சை மாற்றிய முதல் இடம் இந்த மலையடிவாரம்தான். பர்கூருக்கு அருகே மல்லப்பாடியில் வெள்ளை நிறத்தில் தீட்டிய பாறை ஓவியங்கள் உள்ளன. குதிரைமேல் அமர்ந்து ஆயுதத்தோடு மோதும் உருவங்கள் அவற்றில் தெரிகின்றன. 1970களின் இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகத் தொல்லியலார் கண்ட இந்த ஓவியங்கள், தமிழ்நாட்டில் முதலில் அடையாளம் கண்டவற்றைச் சேர்ந்தவை.

வேப்பனப்பள்ளிப் பக்கம் குந்தாணி இன்று பெரிதாகப் பேசப்படாத பெயர். போசள மன்னன் சோமேசுவரனுக்குப் பின் நாடு இரண்டாகப் பிரிந்தது. மூன்றாம் நரசிம்மன் துவாரசமுத்திரத்தில் இருந்தான். வேறு தாய்க்குப் பிறந்த அவனுடைய சகோதரன் வீர ராமநாதனுக்குத் தமிழ்ப் பகுதி வந்தது. திருவரங்கத்துக்கு அருகே கண்ணனூரில் ஆண்ட ராமநாதன், பாண்டியரின் நெருக்குதலில் அதை இழந்து 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குந்தாணிக்கு வந்து ஆண்டான். ஒரு காலத்தில் ஒரு நாட்டின் தலைநகரமாக இருந்த இடம் சின்னக்கொத்தூரை ஒட்டிய வயல்களுக்கும் குன்றுகளுக்கும் நடுவே கோயில்களாகவும் கல்வெட்டுகளாகவும் சிதறிக் கிடக்கிறது. அரண்மனை பார்க்கப் போகிறவருக்கு ஏமாற்றம்தான். கல்லைப் படிக்கிறவருக்கு ஒரு நாள் போதாது. காவேரிப்பட்டினத்துக்கு அருகே தென்பெண்ணைக் கரையில் உள்ள பெண்ணேஸ்வரமடத்துச் சிவன் கோயிலும் இந்த வரிசையில் சேர்த்துப் பார்க்க வேண்டியது. கோயிலைச் சுற்றி நடுகற்கள் நிற்கின்றன. கல்வெட்டுகளில் சோழர் காலத்தவையும் போசளர் காலத்தவையும் உள்ளன.

அடுத்து மலைக்கோட்டைகள். பாராமகாலுக்குப் பன்னிரண்டு கோட்டைகள் என்பது மரபு. கிருஷ்ணகிரி, ஜெகதேவி, மகாராஜகடை, தட்டக்கல் முதலியவை அந்தப் பட்டியலில் வரும். விஜயநகரத்தின் கடைசிக் காலத்தில், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், பெனுகொண்டாவைக் காக்கப் போரிட்டதற்காக ஜெகதேவராயர் என்ற தலைவர் பாராமகாலைப் பெற்றார். ஜெகதேவி அவர் பெயரைத் தாங்கிய ஊர். பிறகு பீஜப்பூர், மராத்தியர், மைசூர் என்று கை மாறி, ஹைதர் அலி, திப்பு காலத்தில் இந்தக் கோட்டைகள் ஆங்கிலேயருக்கு எதிரான முன்வரிசை ஆயின.

கோட்டையின் மதில் எவ்வளவு உயரம் என்பதைவிட, மேலே எத்தனை சுனைகள் என்பதே முக்கியமான கேள்வி. செங்குத்தான பாறைமேல் கிணறு தோண்ட முடியாது. பாறையின் இயற்கைப் பள்ளத்தில் மழைநீரைத் தேக்கி, தேவையான பக்கத்தில் கல்லடுக்கிக் கரைகட்டி, ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு வழியும்படி அமைத்திருக்கிறார்கள். கீழே ஊராருக்கு ஏரி எப்படியோ, மேலே படைக்குச் சுனை அப்படி. கிருஷ்ணகிரி மலையிலும் ராயக்கோட்டை மலையிலும் இத்தகைய நீர்நிலைகளை இன்றும் பார்க்கலாம். தண்ணீரும் தானியமும் உள்ள வரையில் கோட்டைக்காரன் காத்திருக்கலாம். பீரங்கியை மேலே இழுத்துவர முடியாத எதிரிக்கு அது பெரும் தலைவலி.

கிருஷ்ணகிரியின் போர்க்கதை இதற்குச் சான்று. 1768இல் முதல் மைசூர்ப் போரின்போது முற்றுகைக்குப் பிறகே கோட்டை ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அது மீண்டும் மைசூர் வசமிருந்தபோது, 1791 நவம்பரில் ஆங்கிலேயரின் கர்னல் மேக்ஸ்வெல் இரவில் அடிவாரப் பேட்டையைத் தாக்கிப் பிடித்தார். ஓடுகிறவர்களோடு ஓடியே மேல்கோட்டைக்குள் புகுந்துவிடலாம் என்று அவர் படை ஏறியது. மேலிருந்தவர்கள் பெரும் பாறைகளை உருட்டிவிட்டார்கள். படை சேதத்தோடு திரும்ப வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு கோட்டை உடன்படிக்கைக் காகிதத்தில்தான் கைமாறியது. செங்குத்தான அந்தப் படிப்பாதையில் மூச்சு வாங்க ஏறுகிறவருக்கு இந்தச் சம்பவத்தை விளக்க வேறு வழிகாட்டி தேவைப்படாது. மலைமேல் உள்ள தர்காவால் உள்ளூரில் இது சையது பாஷா மலை என்றே பெயர் பெற்றிருக்கிறது.

ராயக்கோட்டை அவ்வளவு பிடிவாதம் பிடிக்கவில்லை. 1791 ஜூலையில் மேஜர் கௌடி கீழ்க்கோட்டையைப் பிடித்தார். காரன்வாலிஸின் பெரும்படை நெருங்கியதும் மேல்கோட்டை பணிந்தது. மைசூர்ப் பீடபூமிக்கு ஏறும் வழியின் வாயிலில் நிற்பதால் 1799 போரிலும் இதற்கு வேலை இருந்தது: சீரங்கப்பட்டணத்தை நோக்கிச் சென்ற ஜெனரல் ஹாரிஸின் படை இந்தப் பக்கமாகத்தான் மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை இரண்டும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. பாளையக்காரர்கள் ஆண்ட அங்குசகிரி, பாகலூர் முதலிய இடங்களில் எஞ்சியவற்றுக்கு இந்த அளவு கவனம் கிடைத்ததில்லை.

ஓசூர் நகரமே ஒரு இடிபாட்டுத் தொகுப்பு என்று சொன்னால் தொழிற்சாலைக்கு ஓடுகிறவர்கள் நம்பமாட்டார்கள். மலைமேல் சந்திரசூடேசுவரர் கோயில்; அடிவாரத்துத் தேர்ப்பேட்டையில், தேர்த்திருவிழாவை ஒட்டித் தெப்பம் விடும் படிகள் கட்டிய பச்சைக்குளம்; நகருக்குள் ராமநாயக்கன் ஏரி. கோட்டை இருந்த இடத்தில் 19ஆம் நூற்றாண்டில் பிரெட் என்ற சப்-கலெக்டர் இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டையின் சாயலில் ஒரு மாளிகை எழுப்பினார். அவருடைய காதல் கதை ஒன்றும் இதோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. கதைக்கு இருக்கும் ஆயுள் கட்டடத்துக்கு இல்லாமல் போயிற்று.

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு நகரம் வேறு வேகத்தில் வளர்ந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் வந்தன. 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆனது. தேன்கனிக்கோட்டைப் பக்கமும் சூளகிரி, போச்சம்பள்ளிப் பக்கமும் இப்போது அதே வழியில் போகின்றன. ஆலையைவிட ஏரிக்கு அதிகத் தொல்லை தருவது ஆலையைத் தொடர்ந்து வரும் மனைப்பிரிவு. நீர் நிற்கும் இடத்தைக்கூட விட்டுவிடுவார்கள். மழைக்கு மட்டும் உயிர்பெறும் வரத்துக் கால்வாய் கோடையில் வெறும் பள்ளமாகத் தெரிவதால் அதைச் சமன்படுத்திவிடுவார்கள். வெளியே பார்த்தால் ஏரி அப்படியே இருக்கும், தண்ணீர் மட்டும் வராது. வருகிற இடத்திலும் வேறு சிக்கல் உண்டு. பெங்களூரு பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவு கலந்த நீர் தென்பெண்ணையில் சேர்ந்து கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. நீர் திறக்கும்போது மதகடியில் வெள்ளை நுரை மலையாகக் குவிவது பல ஆண்டுகளாகச் செய்தியாகி வருகிறது. தொலைவிலிருந்து படம் எடுக்க அழகாக இருக்கும் அந்த நுரைக்குள் இறங்கக் கூடாது.

ஏரி யாருடையது என்பதற்கும் விதி இருக்கிறது. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடம். சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடம். தமிழ்நாட்டில் 2007இல் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. ஊராரே சேர்ந்து ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்து 2017இல் மீண்டும் தொடங்கியது. தூர்வாரல் நல்ல வேலை. ஆனால் பொக்லைன் ஓட்டுகிறவருக்குப் பழைய தூம்புக் கல்லும் பாறைத்துண்டும் ஒன்றுதான். தூர்வாரும் முன் கரையை ஒருமுறை சுற்றிவந்து எழுத்துள்ள கல்லைக் குறித்துவைத்தால் செலவு எதுவும் இல்லை. இந்தச் சிறு ஏற்பாடு நடைமுறையாகாதது வியப்பு.

இன்னொரு எதிரி புதையல் ஆசை. கல்திட்டையின் மூடுகல்லைப் புரட்டுவதும் நடுகல்லின் அடியைத் தோண்டுவதும் இந்த நப்பாசையால் நடக்கின்றன. இரும்புக்கால ஈமச்சின்னத்தில் இருக்கக்கூடியது எலும்பு, மண்பானை, துருப்பிடித்த இரும்பு. தங்கக் குடம் கிடைத்தாலும் தோண்டியவருக்கு உதவாது: 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணிலிருந்து கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மத்தியப் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கடுத்த இருநூறு மீட்டரில் அனுமதி பெற வேண்டும். கருங்கல் குவாரிகள் நிறைந்த மாவட்டத்தில், பட்டியலில் ஏறாத குன்றுக்கு இந்தக் காப்பு கிடையாது. அதனால்தான் உள்ளூர் ஆர்வலர்கள் கண்ட கல்வெட்டையும் ஓவியத்தையும் ஆவணப்படுத்திவைப்பது வெறும் பொழுதுபோக்கு ஆகாது.

சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர் காலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏரி நிறைந்து பறவை பார்க்க நவம்பர் முதல் ஜனவரி நல்லது. கோட்டைக்கும் கல்திட்டைக்கும் பிப்ரவரி, மார்ச் மேல்: புதர் காய்ந்து மதில் வெளியே தெரியும், நீர் இறங்கிய ஏரியில் தூம்பின் அடிவரை பார்க்கலாம். தேன்கனிக்கோட்டை, தளி, சானமாவுப் பக்கங்களில் மட்டும் மழைக்காலம் முடியும் மாதங்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. ராகி முற்றும் வேளையில் பன்னார்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் வருகின்றன. காட்டோர ஏரிகளில் அந்தியிலும் விடியலிலும் அவை தண்ணீர் குடிக்கும். வெயில் ஏறிய பிறகு, ஊராரிடம் யானை நடமாட்டம் கேட்டுக்கொண்டு போவதே முறை. கைவிட்ட குவாரிக் குழியில் தேங்கிய நீலநீரைக் குளமென்று எண்ணி இறங்குவது ஆபத்து. அதற்குப் படிகளும் இல்லை, சரிந்து இறங்கும் கரையும் இல்லை. முதல் அடியிலேயே ஆழம்.

கல்வெட்டைக் கண்டால் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமென்று சாக்குக்கட்டியால் தேய்ப்பதும் அமிலம் ஊற்றிக் கழுவுவதும் கூடாது. காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயிலில் பக்கவாட்டில் படம் எடுத்தால் எழுத்து தானே எழும்பித் தெரியும். மைப்படி எடுப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை. வழிபாட்டில் உள்ள நடுகல்லைத் தொடும் முன் ஊரில் ஒரு பெரியவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. கேட்டால் பெரும்பாலும் அடுத்த கல் எங்கே இருக்கிறது என்பதையும் அவரே சொல்வார். பயணத்துக்கு முன்போ பின்போ கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டால் கண்ணுக்குப் பழக்கம் வரும். 1993 முதல் இயங்கும் அந்த அருங்காட்சியகத்தில், மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து கொண்டுவந்த நடுகற்களை அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது.